மூடுங்கள், ஆனால் மூச்சை அடைக்காதீர்கள்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள வீடுகளில் இருந்து லெப்டொப்பில் வேலை செய்யும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

போன ஆடி மாதத்தில் ஒரு பின்னேரம், கச்சான் காற்று அனலை வாரி இறைத்துக்கொண்டிருந்த நேரம், பக்கத்து வீட்டுப் பிள்ளை தன் லெப்டொப்பைத் துவாயில் சுற்றிக் கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோலக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். டச்பேட் ஒரு பக்கமாகக் கிளம்பி நின்றது. மூடி பொருந்தவில்லை. உள்ளே பற்றரி ஊதிவிட்டது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் கணக்குகளை இரவிரவாகக் கண்விழித்து எழுதி, அந்த வருமானத்தில் தவணை கட்டி வாங்கிய மெஷின். இன்னும் நாலு தவணை மிச்சம் இருந்தது. அவள் அழவில்லை. திரும்பத் திரும்ப ஒன்றை மட்டும் கேட்டாள்: "நான் என்னக்கா பிழை செய்தனான்?"

அவளோடு போய் வீட்டைப் பார்த்தேன். முன்னறையில் பழைய சோகேஸ். கீழ்த்தட்டில் லெப்டொப், மூடியபடி. மேல்தட்டில் 22 அங்குல மொனிட்டர். பின்பக்கமாகக் கேபிள். முன்னால் ஒரு சின்ன மேசையில் கீபோட்டும் மவுஸும். பார்க்க அவ்வளவு வடிவு. தூசு படக்கூடாது என்று அம்மா பின்னல் துணி ஒன்றை லெப்டொப்பின் மேல் விரித்திருந்தார். ரேடியோவுக்கும் ரிவிக்கும் எங்கள் வீடுகளில் காலங்காலமாகச் செய்துவந்ததைத்தான் அவரும் செய்திருந்தார். மூன்று பக்கமும் பலகை, மேலே துணி, உள்ளே எட்டு மணித்தியாலம் ஓடும் மெஷின்.

இந்த மடலை எழுத வைத்தது அந்தக் கேள்விதான். உவர்மலை, உப்புவெளி, பாலையூற்று, சீனன்குடா, கடல் தாண்டிக் கிண்ணியா, மூதூர் என்று எங்கே போனாலும் இப்போது இந்த அமைப்பைப் பார்க்கிறேன். துறைமுகத்துக் கிளியரிங் வேலைக்காக அசிகுடா என்ற கணினி முறையில் சுங்கப் பத்திரம் பதிகிறவர்கள், கோணேசபுரி வளாகத்தில் கணினி படித்துக்கொண்டே வெளிவேலை செய்கிறவர்கள், ஒன்லைனில் ரியூஷன் கொடுக்கும் ஆசிரியர்கள். மொனிட்டரை எப்படிக் கொழுவுவது என்று எல்லோருக்கும் தெரிகிறது. மூடியை மூடியபிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

முதலில் ஒன்று. மொனிட்டர் வாங்கியது பிழையே இல்லை. கப்பல் சரக்குப் பத்திரங்களை லெப்டொப்பில் குனிந்திருந்து தட்டியே என் கழுத்தைக் கெடுத்துக்கொண்டவள் நான். காலையில் எழும்பித் தலையைத் திருப்ப முடியாத நாட்கள் இருந்தன. லெப்டொப் என்பது பிறப்பிலேயே ஒரு குறையோடு வந்த பொருள்: திரையும் கீபோட்டும் ஒரே கீலில் மாட்டியிருக்கின்றன. கைக்குச் சுகமான உயரத்தில் வைத்தால் கழுத்து குனிய வேண்டும், கண்ணுக்குச் சுகமான உயரத்தில் வைத்தால் கைகள் அந்தரத்தில் நிற்க வேண்டும். வளர்ந்தவரின் தலை ஏறத்தாழ 5 கிலோ. கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க முதுகெலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர் 2014இல் கணித்துக் காட்டியபடி, அதே தலையை 60 பாகை முன்னே குனித்தால் கழுத்தில் விழும் பாரம் 27 கிலோ அளவுக்குப் போகிறது. மாதிரிக் கணக்குத்தான், ஆனாலும் என் கழுத்து அதை ஒப்புக்கொள்ளும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே, ஒரு கை நீட்டும் தூரத்தில். இதற்குத்தான் மொனிட்டர். மொனிட்டரை வாங்கி மேசையில் அப்படியே வைத்துத் திரும்பவும் குனிகிறவர்களையும் பார்க்கிறேன். அடியில் இரண்டு தடித்த புத்தகம் வையுங்கள், போதும்.

லெப்டொப்பை மூடிக்கொண்டு வேலை செய்யும் யோசனை புதிதல்ல. சிப்பிபோல மூடித் திறக்கும் உருவம் 1982இல் கிரிட் கொம்பஸ் என்ற கணினியோடு வந்தது. பத்து வருடம் கழித்து, 1992இல், அப்பிள் நிறுவனம் பவர்புக் டுவோ என்ற மெல்லிய லெப்டொப்பையும் அதற்கென்றே ஒரு பெட்டியையும் விற்றது. வீட்டுக்கு வந்ததும் லெப்டொப்பை மூடி, வீடியோ கசெட்டைத் தள்ளுவதுபோல அந்தப் பெட்டிக்குள் தள்ளிவிட வேண்டும். பெட்டியில் மொனிட்டரும் கீபோட்டும் கொழுவியிருக்கும். வெளியே ஒன்று, வீட்டில் ஒன்று என்று இரண்டு கணினி வைத்திருக்காமல் ஒன்றாலேயே இரண்டு இடத்து வேலையையும் பார்ப்பதுதான் அதன் நோக்கம். எங்கள் தேவையும் அதுவே.

மூடியது மெஷினுக்கு எப்படித் தெரிகிறது? மூடியின் விளிம்பில் ஒரு சின்னக் காந்தம் இருக்கிறது. அது வந்து பொருந்தும் இடத்தில், கீபோட்டுக்கு அடியில், காந்தப்புலத்தை உணரும் ஒரு சில்லு. 1879இல் எட்வின் ஹோல் கண்டுபிடித்த விளைவில் இயங்குவது. காந்தம் கிட்ட வந்ததும் "மூடியாயிற்று" என்று சேதி போகிறது, விண்டோஸ் உடனே உறங்கப் போகிறது. காந்தம் வைத்த கைவளையலோ போன் கவரோ அந்த இடத்தில் பட்டாலும் திறந்திருக்கும் லெப்டொப் உறங்கிவிடும். பழுதென்று நினைத்துக் கடைக்குக் கொண்டுபோன ஒரு தம்பியின் லெப்டொப், போனை அந்தப் பக்கம் வைக்காமல் விட்டதும் சரியாயிற்று.

ஆகவே மூடியபின்னும் வேலை செய்ய, அந்தச் சேதியைப் பொருட்படுத்தாதே என்று சொல்ல வேண்டும். விண்டோஸில் கொன்ட்ரோல் பனலுக்குள் பவர் ஒப்ஷன்ஸ். இடப்பக்கத்தில் மூடியை மூடினால் என்ன செய்வது என்று கேட்கும் வரி. அங்கே இரண்டு நிரல்கள் இருக்கும்: பற்றரியில் ஓடும்போது, கரண்டில் ஓடும்போது. கரண்டுக்குரிய நிரலை மட்டும் "டூ நதிங்" என்று மாற்றுங்கள். பற்றரிக்குரியது "ஸ்லீப்" என்றே இருக்கட்டும். பெரும்பாலானோர் அவசரத்தில் இரண்டையும் மாற்றிவிடுகிறார்கள். அதனால் வந்த கஷ்டத்தைக் கீழே சொல்கிறேன். மெக்புக் என்றால் தேடி மாற்ற ஒன்றுமில்லை. சார்ஜரும் மொனிட்டரும் வெளிக் கீபோட்டும் மவுஸும் இருந்தால் மூடியபிறகும் தானாக ஓடும். எம்1, எம்2 சில்லு உள்ள மெக்புக் எயார் ஒரு மொனிட்டருக்கு மேல் தாங்காது. 2024இல் வந்த எம்3 எயார் இரண்டைத் தாங்கும், ஆனால் மூடி மூடியிருந்தால் மட்டும். வளாகத்துப் பிள்ளைகள் பாவிக்கும் லினக்ஸில், வெளித்திரை கொழுவியிருந்தால் மூடுவதைக் கணக்கில் எடுக்காமல் விடுவதுதான் பெரும்பாலும் வழமையான அமைப்பு.

இனிப் பை விஷயம். நான் இரண்டு நிரலையும் மாற்றி வைத்திருந்த காலத்தில், ஒருநாள் வேலை முடிந்ததும் மூடியிருந்த லெப்டொப்பில் இருந்து வயர்களைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு கொழும்பு பஸ் ஏறினேன். ஹபரணை தாண்டும்போது மடியில் இருந்த பை சுடத் தொடங்கியது. மெஷின் உறங்கவே இல்லை. துணிப்பைக்குள், காற்றுப்போக வழியில்லாமல், விசிறி சுற்றிச் சுற்றித் தன் சூட்டையே திரும்பக் குடித்துக்கொண்டிருந்தது. அடுத்த மாதங்களில் அந்தப் பற்றரி மூன்று மணித்தியாலத்தில் இருந்து நாற்பது நிமிடத்துக்கு வந்தது.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பற்றரி நிரலை "ஸ்லீப்" என்று விட்டிருந்தாலும்கூட, சில மெஷின்கள் மூடும் கணத்தில் மட்டுமே அதைப் பார்க்கின்றன. கரண்டில் இருக்கும்போதே மூடியாயிற்று, பிறகு வயரைக் கழற்றுகிறீர்கள். மூடுதல் என்ற சேதி அப்போது புதிதாகப் போவதில்லை. எனவே பையில் வைக்குமுன் ஒருதரம் மூடியைத் திறந்து, கண்ணால் பார்த்து, சற்டவுன் செய்துவிட்டு மூடுங்கள். ஒரு நிமிடம்கூட எடுக்காது.

வெக்கையைப் பற்றிக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்ல வேண்டும். லெப்டொப்பின் சூடு விசிறி வழியாக மட்டும் வெளியேறுவதில்லை. கீபோட் பரப்பும் ஒரு வழி. பல மெஷின்கள் கீபோட்டின் இடுக்குகள் வழியாகவே குளிர் காற்றையும் இழுக்கின்றன. வேறு சிலவற்றில் சூடான காற்று வெளியேறும் துவாரம் கீலுக்குப் பக்கத்தில், மூடினால் திரையின் அடிவிளிம்பில் போய் அடிக்கும் இடத்தில் இருக்கிறது. உங்கள் மெஷின் எந்த வகை என்று கையை வைத்துப் பார்த்தாலே தெரியும். கொழும்பில் குளிரூட்டிய அறையிலோ நுவரெலியாவிலோ இருப்பவருக்கு இது சின்ன விஷயம். அப்பிள் தன் லெப்டொப்புகளைப் பாவிக்கச் சொல்லும் சூழல் வெப்பம் 10 பாகை முதல் 35 பாகை செல்சியஸ் வரை. வைகாசி தொடங்கி ஆவணி வரை, மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு வரும் கச்சான் எங்கள் பக்கம் அடிக்கும்போது, அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழே மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த 35ஐத் தாண்டுவதற்கு என்ன கஷ்டம்? மெஷின் வேலையைத் தொடங்கும் முன்பே அதன் எல்லையில் நிற்கிறது. சோகேஸின் கீழ்த்தட்டு அதைவிடச் சூடு.

உள்ளே இருக்கும் செயலி 95, 100 பாகைக்குக் கிட்டப் போனால் தன்னைக் காப்பாற்ற வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "பின்னேரத்தில் என்ர லெப்டொப் இழுக்குதக்கா" என்று நீங்கள் சொல்வதன் காரணங்களில் இதுவும் ஒன்று. செயலி பிழைத்துக்கொள்ளும். பற்றரிக்கு அந்த வித்தை தெரியாது. லித்தியம் பற்றரியை வாட்டுபவை இரண்டு: சூடும், எந்நேரமும் நிறைந்த சார்ஜும். மூடிவைத்து மொனிட்டரோடு வேலை செய்கிறவர்களின் லெப்டொப் நாள்முழுக்கக் கரண்டில் இருக்கிறது, அதாவது எந்நேரமும் நூறு வீதம். பரவலாகப் பாவிக்கப்படும் ஒரு கணக்கின்படி, நூறு வீதம் நிறைந்த பற்றரி 40 பாகையில் ஒரு வருடம் கிடந்தால் அதன் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அதே சூட்டில் நாற்பது வீதச் சார்ஜோடு கிடந்தால் இழப்பு பதினைந்து வீதம் அளவில் நிற்கும். இப்போது வரும் அனேக லெப்டொப்புகளில் 80 வீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறது. அதைத் தேடிப் போட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மெஷினிலும் அந்த வசதி இருந்தது. யாரும் சொல்லாததால் அது சும்மா கிடந்தது.

அப்படியானால் மூடுவதா, திறப்பதா? மழைக்காலத்தில், ஐப்பசிக்குப் பிறகு வாடை வீசத் தொடங்கியதும், நான் மூடியே வைக்கிறேன். கச்சான் காலத்தில் மூடுவதில்லை. ஒற்றைத் திரையில் மனதைக் குவித்து வேலை செய்வதற்கு மூடியை மூடித்தான் ஆகவேண்டும் என்றில்லை. விண்டோஸ் விசையையும் "பி" எழுத்தையும் சேர்த்து அமத்தினால் நாலு தெரிவுகள் வரும். கடைசியாக உள்ள "செக்கன்ட் ஸ்கிரீன் ஒன்லி"யைத் தெரிவுசெய்தால் லெப்டொப்பின் திரை அணைந்துவிடும், மொனிட்டர் மட்டும் எரியும். மூடி திறந்தபடி ஒரு ஓரமாக நிற்கட்டும், மூச்சு விடட்டும். மேசையில் இடமில்லை என்பவர்கள் மூடிய லெப்டொப்பைப் புத்தகம்போல நிறுத்தி வைக்கும் தாங்கி ஒன்றைப் பலகையில் செய்துகொள்ளலாம். கீலை நெருக்காமல், காற்றுத் துவாரம் அடைபடாமல் இருந்தால் சரி. ஒன்றுமே முடியாதென்றால் சோடா மூடி நாலை அடியில் வைத்து உயர்த்துங்கள். துணி மட்டும் வேண்டாம். அம்மாமாருக்கு இதை நீங்கள்தான் அன்பாக விளங்கப்படுத்த வேண்டும். தூசுக்குத் துணி போர்த்துவதென்றால் மெஷினை நிறுத்தி, ஆறவிட்டு, பிறகு போர்த்தலாம்.

கடலுக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு இன்னொரு பேச்சு இருக்கிறது. என் வீட்டு யன்னல் உட்துறைமுகத்தைப் பார்த்திருக்கிறது. காலையில் கண்ணாடியில் விரலால் கோடு இழுத்து நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். காற்றில் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் உப்புத் துகள் தானாக ஈரத்தை இழுத்து நீராகக் கரைந்துவிடும். எங்கள் இரவுகளில் அந்த அளவை எட்டுவது வழமை. அந்த உப்புநீர்ப் படலம்தான் எச்.டி.எம்.ஐ. கேபிளின் முனையிலும் லெப்டொப்பின் துவாரத்திலும் போய் இருக்கிறது. முனைகளுக்குப் பொன்முலாம் பூசியிருந்தாலும் அது மிக மெல்லியது, அடியில் செப்புக் கலவை. பச்சை பிடிக்கிறது. மொனிட்டர் இடைக்கிடை கறுத்து வந்து போனால் உடனே மொனிட்டரைச் சந்தேகிக்காதீர்கள். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கேபிளைக் கழற்றி, முனையை ஐசோபுரொபைல் அற்ககோல் தொட்ட பஞ்சால் மெல்லத் துடைத்து, காயவிட்டுக் கொழுவிப் பாருங்கள். மேசையைக் கடல்பக்க யன்னலுக்கு நேரே போடாதீர்கள். காட்சி வடிவுதான், எனக்கும் அதை விட மனம் வரவில்லை. இருந்தும் ஒரு சுவர் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

கரண்ட் போகும் நேரத்துக்கு வருவோம். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஏற்பட்ட தடங்கலால் முழு இலங்கையுமே ஒரு ஞாயிறு முற்பகலில் இருண்டது. லெப்டொப் மூடியிருக்கும்போது கரண்ட் போனால் மொனிட்டர் அந்தக் கணமே கறுத்துவிடும். அதைக் கண்டு பலர் வேலை போயிற்று என்று பதறி, பவர் விசையை நீளமாக அமத்திப் பிடிக்கிறார்கள். உண்மையில் வேலை போனது அந்த அமத்தலில்தான். லெப்டொப் தன் பற்றரியில் உயிரோடு இருக்கிறது, அல்லது மெக்புக் என்றால் உறங்கப் போயிருக்கிறது. பதறாமல் மூடியைத் திறங்கள். திறந்த திரையில் விட்ட இடத்திலேயே வேலை இருக்கும்.

தொடர்ந்து வேலை செய்தாக வேண்டியவர்கள் ஒரு சின்ன யூ.பி.எஸ். வைத்துக்கொள்ளலாம். அதில் லெப்டொப்பின் சார்ஜரைக் கொழுவ வேண்டாம், லெப்டொப்புக்குச் சொந்தப் பற்றரி இருக்கிறது; உறங்கிவிடாமல் மூடியை மட்டும் திறந்து வையுங்கள். மொனிட்டரையும் ரவுட்டரையும் மட்டும் கொழுவுங்கள். 22 அங்குல எல்.ஈ.டி. மொனிட்டர் இழுப்பது 20, 25 வோட்தான். பற்றரி நல்ல நிலையில் உள்ள 650 வீ.ஏ. யூ.பி.எஸ். அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் தாங்கும். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்கும் பின்னேரங்களில் யூ.பி.எஸ்.ஸையும் நம்பி இருக்காதீர்கள். மொனிட்டரின் பிளக்கை மட்டும் இழுத்துவிட்டு எச்.டி.எம்.ஐ.யையும் சார்ஜரையும் அப்படியே விட்டால் பாதி வேலைதான் ஆகிறது. சார்ஜர், மொனிட்டர், ரவுட்டருக்கு வரும் வயர் எல்லாமே சுவரில் இருந்து கழல வேண்டும்.

மூடியிருக்கும்போது கமரா, கைரேகை உணரி, அனேகமாக மைக்கும் மூடிக்குள் போய்விடும். சத்தமும் எச்.டி.எம்.ஐ. வழியாக மொனிட்டருக்குப் போய்விடுகிறது. மொனிட்டரில் ஸ்பீக்கர் இல்லாவிட்டால் மௌனம். நேர்முகப் பரீட்சை, வகுப்பு என்று ஏதாவது இருந்தால் ஐந்து நிமிடம் முன்னரே திறந்து வைத்துச் சரிபாருங்கள். யூ.எஸ்.பி.-சி துவாரத்தில் மொனிட்டரைக் கொழுவ நினைப்பவர்கள், கேபிளுக்குக் காசைக் கொடுக்கும் முன் அந்தத் துவாரம் படம் அனுப்புமா என்று மெஷினின் விபரக்குறிப்பில் பாருங்கள். உருவம் ஒன்றாக இருந்தாலும் எல்லாத் துவாரமும் அனுப்பாது.

கடைசியாகத் திரை உடைந்தவர்களுக்கு. இந்த மடலில் எனக்கு அதிகம் முக்கியமானவர்கள் நீங்கள்தான். கீழே விழுந்து திரை நொறுங்கிய லெப்டொப்பைப் பழுதென்று அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டு, படிப்பையும் வேலையையும் போனின் சின்னத் திரையில் செய்துகொண்டிருக்கும் பிள்ளைகள் பலரைக் கண்டிருக்கிறேன். திரை போனால் கணினி போகவில்லை. மொனிட்டர் ஒன்றைக் கொழுவி, பவர் விசையை அமத்தியதும் மூடியை மூடிவிடுங்கள். பல மெஷின்கள் மூடியிருப்பதைக் கண்டதும் தொடக்கத்திலேயே படத்தை வெளித்திரைக்கு அனுப்பும். அப்படி வராவிட்டால் மூடியைத் திறந்து, விண்டோஸ் எழும்பும்வரை பொறுத்து, விண்டோஸ் விசையையும் "பி"யையும் ஒன்றாக அமத்தி, கீழ்நோக்கிய அம்புக்குறியாலும் என்டராலும் திரையைப் பார்க்காமலே தெரிவை மாற்றிப் பார்க்கலாம். ஒன்றிரண்டு முயற்சியில் பிடிபடும். விரிசல் கண்ணாடி கையைக் கிழிக்காமல் டேப் ஒட்டிவிடுங்கள். பற்றரி ஊதியிருந்தால் மட்டும் இந்த முயற்சி எதுவும் வேண்டாம். சார்ஜில் போடாமல், அமத்தித் தட்டையாக்கப் பார்க்காமல், திருத்துபவரிடம் கொடுத்துக் கழற்றிவிடுங்கள். குப்பையோடு சேர்த்து எரிக்கவும் கூடாது, நெருப்புப் பிடிக்கும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மெஷினில் பற்றரி கழற்றப்பட்டு, வேறு போட்டு, இப்போது அது மேசையின் ஓரத்தில் பாதி திறந்தபடி ஓடுகிறது. அந்தப் பின்னல் துணி சோகேஸின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. மாற்றியபோது அம்மாவும் கிட்ட நின்று பார்த்தார். இப்போது யார் வந்தாலும் "அதுக்குக் காத்து வேணும்" என்று அவரே சொல்கிறார்.

எங்கள் வீட்டில் 17 அங்குலப் பழைய மொனிட்டர் ஒன்று சும்மா இருக்கிறது. வீ.ஜீ.ஏ. துவாரம் மட்டும் உள்ளது. எச்.டி.எம்.ஐ.யில் இருந்து அதற்கு மாற்றும் சின்னக் கருவியும் வாங்கி வைத்திருக்கிறேன். கொழுவிப் பார்த்தேன், படம் தெளிவாக வருகிறது. உங்களில் யாருக்காவது திரை உடைந்த லெப்டொப் இருந்து, இந்த வருடம் உயர்தரப் பரீட்சையும் இருந்தால், வந்து எடுத்துப் போங்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் வீட்டில் இருப்பேன். லெப்டொப்பையும் கொண்டு வாருங்கள், கொழுவிக் காட்டியே தருகிறேன்.

அன்புடன்,
உட்துறைமுக வீதிப் பக்கத்து அக்கா